ஒன்பதாம் மேசைத் தம்பதி

செப்டம்பர் 20, சனி

கப்பல் ஏறிவிட்டோம். கார்த்திகா சிங்கப்பூர்த் துறைமுகம் வரை வந்து வழியனுப்பினாள். "சாப்பாடு எப்படி, சாயங்காலம் என்ன நிகழ்ச்சி வைக்கறாங்க, எல்லாம் எழுதி வைங்கப்பா. எங்க ஆபீஸ்ல ஒரு கூட்டமே இந்தக் கப்பல்ல போலாமான்னு யோசிச்சிட்டு இருக்குது" என்றாள். பால் ஒன்றியத்தில் தரக்கட்டுப்பாட்டிலேயே தலை நரைத்தவன் நான். ருசி பார்த்து எழுதுவது எனக்குப் புதிதல்ல.

கப்பல் சிறியது. பக்கத்தில் நின்ற பெரிய கப்பல்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு போல இருந்தன. அவற்றின் முன்னால் எங்களுடையது பவானி ஆற்றுப் பரிசல். சாப்பாட்டுக் கூடம் ஒன்றே ஒன்று. மேல்தளத்தில் சின்ன உணவகம் ஒன்று உண்டு, அதற்குத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டுமாம். நிகழ்ச்சி அரங்கம் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடம் அளவுகூட இல்லை. கப்பலின் பெயர் என் வாயில் நுழையவில்லை. வசந்தாமணிக்கு நுழைகிறது.

அறையில் ஒரே கட்டில். பணியாளரைக் கூப்பிட்டு இரண்டாகப் பிரித்துப் போடச் சொன்னேன். வசந்தாமணி அப்போது சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரவு உணவு: சூப் ஆறியிருந்தது. புரட்டாசி என்பதால் சைவம் என்று சொல்லியிருந்தேன். சைவம் என்றால் வேகவைத்த கேரட் என்று புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடைசியில் வந்த பால் இனிப்பு நன்றாக இருந்தது.

வாரம் முழுக்க ஒரே மேசை, ஒன்பதாம் எண். எங்களோடு சிங்கப்பூர்த் தமிழர் ஒரு தம்பதி, சுகுமாரனும் லீலாவதியும். அறுபதை ஒட்டியவர்கள். சுகுமாரன் கலகலப்பான ஆள். மனைவிக்கு இறால் உரித்துக்கொண்டே எங்களுக்கு வேடிக்கைக் கதை சொன்னார்.

லீலாவதி கேட்டார்: "உங்களுக்குக் கல்யாணமாகி எத்தன வருசம்க்கா?"

என் வாயில் ரொட்டி. வசந்தாமணி முந்திக்கொண்டார். "இந்த ஆவணியோட முப்பத்தாறு முடிஞ்சுதுங்க."

சுகுமாரன் கைதட்டினார். சுற்றி இருந்த மேசைகள் திரும்பிப் பார்த்தன. எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு. கடலில்

காலை உணவு மேல்தளத்தில். நாமே எடுத்துப் போட்டுக்கொள்வது. பால், பொடியில் கரைத்தது. தயிர் என்று வைத்திருப்பது இனிக்கிறது. அரிசிச் சோறு உண்டு, குழைவாகத் தருகிறார்கள், குறை சொல்ல முடியாது.

இதைக் கார்த்திகாவிடம் கிழித்துக் கொடுக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிட வேண்டும். அவள் அம்மா சிவகாமி போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகிறது. ஈரோட்டு வீட்டில் தனியாக இருக்காதீர்கள் என்று கார்த்திகாதான் தேடினாள். கோபியில் தாலுகா அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வுபெற்றவர், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர், பிள்ளை இல்லை என்று சொன்னாள். சென்னிமலைக் கோயிலில் பத்துப் பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டோம். இந்தக் கப்பல் அவளுடைய பரிசு. அதற்குள் முப்பத்தாறு வருடம் எங்கிருந்து வந்தது?

அறைக்கு வந்ததும் கேட்டேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"வாய்ல வந்துருச்சுங்" என்றார். பிறகு சட்டையை மடித்துக்கொண்டே, "இன்னொன்னுங்க. அவிய முன்னால என்னய நீங்க, வாங்கன்னு கூப்புடாதீங்க. முப்பத்தாறு வருசத்துப் பொண்டாட்டிய யாரு அப்படிக் கூப்புடுவா? சந்தேகப்படுவாங்க."

"பின்ன எப்படிக் கூப்பிடறது?"

"நீ, வா, போ."

எனக்குச் சட்டென்று வரவில்லை. மத்தியானம் அறையில் தனியாக இருந்தபோது இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

சாயங்காலம் மந்திரக்காரர் நிகழ்ச்சி. கப்பல் ஆடியதில் அவர் ஒளித்து வைத்திருந்த பந்து மேடையில் உருண்டு வந்துவிட்டது. நல்ல மனிதர், அவரே சிரித்துவிட்டார். அதன் பிறகு எல்லோருக்கும் நிகழ்ச்சி பிடித்துப்போனது.

இரவு உணவில் காய்கறிக் குழம்பு. சமையல்காரருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும், காரமாகவே இருந்தது. என் தட்டில் கிடந்த பச்சை மிளகாயை வசந்தாமணி எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். "உங்களுக்குத்தான் மொளகா ஆகாதே, எத்தன தடவ சொல்றது?" என்று லீலாவதி முன்னால் அதட்டினார்.

எனக்கு மிளகாய் நன்றாகவே ஆகும். ஆனாலும் தலையாட்டினேன். ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 22, திங்கள். புக்கெட்

இறங்கிச் சுற்றினோம். வெயில். இளநீர் குடித்தோம். திரும்பும்போது வசந்தாமணி ஒரு வைக்கோல் தொப்பி வாங்கிக்கொண்டார்.

இரவு: தக்காளிச் சாற்றில் நூல்போன்ற சேமியா. பழவகை அருமை. பரிமாறும் ரொமெல் என்ற பிலிப்பினோக்காரர் எங்கள் பெயரைப் பிழையில்லாமல் சொல்கிறார்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சுகுமாரன், "அண்ணே ரொம்ப அமைதி, அக்கா, இவர்கூட சண்டையெல்லாம் வந்திருக்கா?" என்று கேட்டார். வசந்தாமணி தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்கினார்.

"கல்யாணமான புதுசுல பழனிக்குப் போயிருந்தோமுங்க. திரும்பற பஸ்சுல சரியான கூட்டம். நான் ஏறிட்டேன்னு நெனச்சு இவரு முன்னால ஏறிப் போயிட்டாரு. நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன், கைல பஞ்சாமிர்த டப்பா. ஒட்டஞ்சத்திரத்துலதான் திரும்பிப் பாத்திருக்காரு, பொண்டாட்டியக் காணோம்!"

சுகுமாரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னார், அவர்களும் சிரித்தார்கள்.

"நான் அழுவுலீங்க" என்றார் வசந்தாமணி. அவர் குரல் இறங்கியிருந்தது. "கொஞ்ச நேரம் பாத்தேன். அப்பறம், இனி இவரு வரமாட்டாருன்னு முடிவே பண்ணிட்டேன். தனியா ஊருக்கு எந்த பஸ்சு, போயி மாமியாகிட்ட என்ன சொல்றது, அப்பறம் என்ன வேல தேடறது, எல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன். அப்பத்தான் இவரு ஓடி வர்றாரு."

அது சிவகாமி. ஒட்டன்சத்திரத்தில் இறங்கி எதிர்ப் பக்கம் போன லாரியில் ஏறித் திரும்பியவன் நான். பஞ்சாமிர்த டப்பா வைத்திருந்தவள் சிவகாமி. ஆனால் அந்த யோசனையெல்லாம்? அதைச் சிவகாமி என்னிடம் சொன்னதே இல்லை.

செப்டம்பர் 23, செவ்வாய். லங்காவி

இறங்கவில்லை. தலைவலி என்று சொன்னேன். வசந்தாமணியும் இறங்கவில்லை.

காலையும் மத்தியானமும் சாப்பாட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பழம் தின்றேன்.

அறையில் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்காலியில்.

"கார்த்திகா சொன்னாளா அந்தக் கதைய?" என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

"ஆமாங். சிரிச்சுச் சிரிச்சு சொன்னா. அவிய அம்மா பஞ்சாமிர்தத்த முழுசாத் தின்னு தீத்துட்டாங்கன்னு."

"அந்த யோசனை? திரும்பி வரமாட்டான்னு முடிவு பண்ணினது? அதயும் சிவகாமிதான் கார்த்திகாகிட்டச் சொன்னாளா?"

"இல்லீங். அது நான் சேத்தது."

"ஏன்?"

"நெசத்துல வராமப் போனவரு எங்க வீட்டுக்காரரு. காங்கேயத்துக்கு மாடு வாங்கப் போறேன்னு போனாரு. வழியில நெஞ்சு வலி. நான் வாசல்ல நின்னேன், நின்னேன், அப்பறம் உள்ள போயி உக்காந்துட்டேன். அந்த யோசன எனக்குப் பழக்கமுங்க. கத சொல்லறப்ப தானா வந்துருச்சு."

கோபமாக இருந்தேன், கோபம் யார்மேல் என்று தேடிப் பார்த்தேன். சிவகாமியின் கதையை எடுத்துக்கொண்டார். எடுத்ததில் தன்னுடையதை வைத்துத் தைத்துவிட்டார். இப்போது எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. பழனி பஸ் நிலையத்தை நினைத்தால் வைக்கோல் தொப்பியோடு வசந்தாமணி நிற்கிறார்.

"முப்பத்தாறு வருசம்னு எதுக்குச் சொன்னீங்க? நெசமாச் சொல்லுங்க."

"நான் குடும்பம் நடத்தினது பதினொரு மாசமுங்க. அதுலயும் ஆடிக்குப் பொறந்த வூடு, பொங்கலுக்குப் பொறந்த வூடு. நம்ம ஊர்ல எங்க போனாலும் என்னயத் தெரியும். பாவம்னு பாப்பாங்க. இப்ப புதுசா, இந்த வயசுலயான்னு பாக்கறாங்க. இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே ஒரு வாரம், நெறைய வருசம் ஒருத்தரோட இருந்தவளா இருந்து பாக்கலாம்னு ஆச வந்துருச்சு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "உங்க வருசத்த எடுத்துக்கோணும்னு நெனைக்கலீங். வேற வருசம் எங்கிட்ட இல்ல."

அதன் பிறகு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவு உணவுக்குப் போனோம். நூடுல்ஸ். லீலாவதி என் தலைவலி பற்றி விசாரித்தார். நான் வசந்தாமணியிடம், "அந்த உப்பு எடு" என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 24, புதன்

காலையிலிருந்து மழை. ஏதோ ஒரு தீவுக்கு அருகே நங்கூரமிட்டு நிற்கிறோம். படகில் இறக்க முடியாதாம். நாள் முழுக்கக் கப்பலுக்குள் நிகழ்ச்சிகள்: துண்டு மடிக்கும் வகுப்பு, நடன வகுப்பு, பொது அறிவுப் போட்டி. துண்டை மடித்து வசந்தாமணி ஒரு யானை செய்தார். நன்றாகத்தான் வந்தது, தும்பிக்கை மட்டும் நிற்கவில்லை.

மத்தியானம் சுகுமாரன் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் பாடி அரங்கத்தையே எழுப்பிவிட்டார். பாட்டு முழுக்க லீலாவதியைப் பார்த்தே பாடினார். இப்படி ஒரு புருசனை நான் பார்த்ததில்லை. அதை வசந்தாமணியிடம் சொன்னேன். "ஆமாங்" என்றார்.

இனி எழுதப்போவது கார்த்திகாவுக்கு நிச்சயம் காட்டக்கூடாதது.

சாயங்காலம், 'துணையை எவ்வளவு தெரியும்?' என்று ஒரு போட்டி. மூன்று தம்பதிகளை மேடைக்கு அழைத்தார்கள். கப்பலில் அதிக வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்று எங்கள் பெயரைச் சொன்னார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று திரும்பிப் பார்த்தால் சுகுமாரன் இரண்டு கட்டை விரலையும் தூக்கிக் காட்டுகிறார்.

முதுகோடு முதுகு ஒட்டி நாற்காலி போட்டார்கள். ஆளுக்கொரு சின்ன வெள்ளைப் பலகை, பேனா. நிகழ்ச்சி நடத்திய பெண் கேள்வி கேட்பாள், இருவரும் எழுத வேண்டும்.

கணவர் எழுந்ததும் முதலில் என்ன செய்வார்? வசந்தாமணி 'பேப்பர் படிப்பார்' என்று எழுதியிருந்தார். நான் வெந்நீர் குடிப்பேன். மனைவிக்குப் பிடித்த இனிப்பு? மைசூர்பாகு என்று எழுதினேன். அவர் 'இனிப்பே பிடிக்காது' என்று எழுதியிருந்தார். அப்படியென்றால் முதல் நாள் அந்தப் பால் இனிப்பை ஏன் வழித்துச் சாப்பிட்டார்? மனைவியிடம் எரிச்சலூட்டுவது எது? நான் 'ஒன்றுமில்லை' என்று எழுதினேன். அவர் 'ஓயாமல் பேசுவேன்' என்று எழுதியிருந்தார். அரங்கம் குலுங்கியது. முப்பத்தாறு வருடத்தில் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றுமே தெரியாத தம்பதி! வயதான ஆஸ்திரேலியர் ஒருவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

கடைசிக் கேள்வி: கல்யாணத் தேதி, வருடத்தோடு.

பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் எழுதும் சத்தம் கேட்டது. முப்பத்தாறைக் கழித்தால் 1989. 1989இல் நான் சிவகாமியின் புருசன். அந்த வருடத்தை என் கையால் எழுதி இன்னொருவருக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. அவரைப் பொய்யாக்கவும் எனக்கு மனமில்லை. கை எழுதியது. ஆகஸ்ட் 28, இந்த வருடம்.

அந்தப் பெண் இரண்டு பலகைகளையும் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் 1989. ஒன்றில் போன மாதம். ஒரு கணம் அவளுக்கும் புரியவில்லை. பிறகு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "இவருக்கு நேற்றுத்தான் கல்யாணமானது போல இருக்கிறதாம்!" என்று கூவினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எல்லாக் கேள்விக்கும் தப்பாகப் பதில் சொன்ன எங்களுக்கே பரிசு: வெள்ளிக்கிழமை மேல்தள உணவகத்தில் இருவருக்கு மட்டும் விருந்து.

உண்மையை எழுதினேன். ஒருவரும் நம்பவில்லை.

நடைவழியில் அவர் நின்றார். "எதுக்கு அப்படி எழுதினீங்க?"

"தேதி கேட்டாங்க. எழுதினேன்."

"என்னயக் காட்டிக் குடுக்கறதுக்கா?"

"தெரியலீங்க."

"வேறெதுக்கு?"

அவள் கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. இரவு என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

செப்டம்பர் 25, வியாழன். பினாங்கு

காலையில் காபிக்குக்கூடப் போகாமல் வசந்தாமணி அறையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நேத்துப் போட்டி முடிஞ்சதும் லீலா என் கையப் புடிச்சுட்டு அழுதாங்க" என்றாள். "சுகுமாரன் அவங்ககூடப் பேசறதே இல்லையாமுங்க."

"என்ன சொல்ற? நாள் முழுக்கப் பேசிட்டே இருக்கறாரே?"

"வெளிய வந்தா மட்டும்தானாம். வூட்டுக்குள்ள போயிக் கதவச் சாத்துனா ஒரு வார்த்த கெடையாதாம். ரெண்டு வருசமா. சண்ட இல்ல, அடி இல்ல, குடி இல்ல. சும்மா பேசறதில்ல. இந்த அறைக்குள்ள போனாலும் அப்படித்தானாம். இன்னைக்கு இங்க பினாங்குல எறங்கி, இங்கயே இருக்கற அக்கா வூட்டுல தங்கிக்கலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் கப்பலே ஏறுனாங்களாம். போலாமா வேண்டாமான்னு என்னயக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பொறுத்துப் போங்கன்னேன். முப்பத்தாறு வருசத்துல இதெல்லாம் வரும் போகும்னு சொல்லிட்டேன். சரிக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், கப்பலுக்கே திரும்பிடறேன்னுட்டாங்க." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "எனக்கென்னங்க தெரியும்? ஒருத்தரு ரெண்டு வருசம் பேசாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?"

அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கெதற்கு என்றேன். சொல்லும்போதே அது நல்ல யோசனை இல்லை என்று தெரிந்தது. அதைவிட நல்லது எது என்றும் தெரியவில்லை.

சுகுமாரனுக்குச் சீட்டாட்டப் போட்டி இருந்தது, இறங்கவில்லை. லீலாவதியின் அக்கா துறைமுகத்துக்கே வந்து எங்களையும் சேர்த்து ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். சோறு, பருப்பு, புடலங்காய்க் கூட்டு, கெட்டித் தயிர். ஐந்து நாளுக்குப் பிறகு நல்ல தயிர். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் வசந்தாமணி சோற்றைப் பிசைந்தபடியே சொல்லிவிட்டாள்.

"லீலா, நான் சொன்னது பொய்யுங்க. எங்களுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு மாசம் ஆகல."

லீலாவதி சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணே, அப்ப பலகைல நீங்க எழுதினது?"

"நெசம்" என்றேன்.

அவர் கையை இலையிலிருந்து எடுத்துக்கொண்டார். "என்ன மனுசங்க நீங்க? எங்கூடப் பொறந்த அக்காகிட்டகூட முழுசாச் சொல்லாததெல்லாம் உங்ககிட்டச் சொன்னேன். அம்பது பேர்ல உங்களத் தேடி வந்து சொன்னேன், ஏன்? இவங்க இத்தன வருசம் வாழ்ந்திருக்காங்க, இவங்களுக்குத் தெரியும்னுதான!"

"அதுக்குத்தானுங்க இப்பச் சொல்றேன். எம் பேச்சக் கேட்டு நீங்க திரும்பக் கூடாது. போறதானாலும் சரி, இருக்கறதானாலும் சரி, உங்க யோசனையா இருக்கோணும்."

"இப்ப சொல்லுங்க அப்ப. பொய் இல்லாம சொல்லுங்க. நான் என்ன செய்யறது?"

வசந்தாமணி பிசைந்த சோற்றை இலை ஓரமாக ஒதுக்கினாள். "எனக்குத் தெரியலைங்க."

யாரும் அதன் பிறகு சாப்பிடவில்லை. லீலாவதியின் அக்கா மட்டும் மோர் வேண்டுமா என்று எங்களை ஒவ்வொருவராகக் கேட்டார்.

துறைமுக வாசலில் லீலாவதி நின்றுவிட்டார். கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார். வசந்தாமணியைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார்: "அவரோட பிரஷர் மாத்திரை நீலப் பெட்டியோட பக்க ஜிப்ல இருக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்பறம் ஒண்ணு. அவருக்குத் தெரியாது, சொல்லிடுங்க." பிறகு அக்காவின் காரில் ஏறினார். கார் போனதும் வசந்தாமணி அங்கேயே நின்றாள். நான் குடை விரித்துப் பிடித்தேன். மழையும் இல்லை, பெரிய வெயிலும் இல்லை.

இரவு உணவில் ரொமெல் நான்கு பேருக்கும் தட்டு வைத்திருந்தார். சுகுமாரன் வந்தார். "மேடம் அக்கா வீட்டுக்கு ஓடிட்டாங்க. ஜாலி லா!" என்று சத்தமாகச் சிரித்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு வேடிக்கைக் கதையும் வரவில்லை. இறால் வந்தது. உரிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரை எங்கே இருக்கிறது என்று சொன்னேன். ரொம்ப முக்கியமான ஒன்றைக் கேட்பவர் போல இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 26, வெள்ளி. கடலில்

பரிசு விருந்து. மேல்தள உணவகம், ஆறு மேசைகள்தான். வெள்ளை விரிப்பு, நடுவில் ஒரு பூ. பாடிக்கொண்டே பியானோ வாசிக்கும் ஒருவர். காளான் சூப் சூடாகவே வந்தது. இந்தப் பயணத்தில் சாப்பிட்டதிலேயே இதுதான் சிறந்தது என்று கார்த்திகாவின் அலுவலகத்தாருக்குச் சொல்லலாம்.

இருவருக்கு மட்டும் என்று சொன்னேன் அல்லவா, மூன்று பேர் சாப்பிட்டோம். கீழே ஒன்பதாம் மேசையில் சுகுமாரன் தனியாக உட்கார்ந்திருந்ததை வசந்தாமணி படியிலிருந்து பார்த்துவிட்டாள். "அவரயும் கூப்புட்டுக்கலாமுங்க" என்றாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. எதற்கு ஏமாற்றம் என்று யோசித்தேன். பிறகு நானே போய் அழைத்து வந்தேன்.

அவர் சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "அண்ணே, முப்பத்தாறு வருசம். எப்படிண்ணே முடிஞ்சுது?"

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "நாங்க போன மாசம்தாங்க கட்டிக்கிட்டோம். பலகைல எழுதினது உண்மை. லீலாவுக்கு நேத்துச் சொல்லிட்டோம்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான்" என்றார். "அதான் ரெண்டு பேரும் எந்நேரமும் பேசிட்டே இருக்கீங்க."

நாங்களா? எப்போது பேசினோம்?

பியானோக்காரர் ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்கினார்.

"காரணமே இல்லண்ணே" என்றார் சுகுமாரன். "யாராச்சும் கேட்டா சொல்றதுக்குக்கூட ஒரு காரணம் இல்ல. ரிட்டையர் ஆன புதுசுல ஒருநாள் பேசல. என்னமோ அலுப்பு. மறுநாள் எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. அதுக்கு மறுநாள் இன்னும் கஷ்டமாயிடுச்சு. அப்படியே ரெண்டு வருசம் ஓடிடுச்சு. வெளிய யாராச்சும் இருந்தா தன்னால வருது. அவகூடத் தனியா இருந்தா தொண்டைல வந்து நின்னுடுது. அவ கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவளும் கத்தல."

"இதயே அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாள் வசந்தாமணி.

"எப்படி ஆரம்பிக்கறது?"

அன்று மேல்தளத்தில் பரிமாற வந்திருந்த ரொமெல் இனிப்பு என்ன வேண்டும் என்று கேட்டு வந்து நின்றார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். பிறகு வசந்தாமணி மட்டும், "ஒண்ணு கொண்டாங்க" என்றாள். என் பக்கமும் ஒரு ஸ்பூனை வைத்தாள்.

செப்டம்பர் 27, சனி. சிங்கப்பூர்

காலை உணவு அவசரமாக. ரொட்டி, பழம். பெட்டிகளை நேற்றே வாங்கிப் போய்விட்டார்கள்.

இறங்கும் முன் சுகுமாரனைத் தளத்தின் கம்பி ஓரம் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் பேசுகிறாரா, கேட்கிறாரா, அந்தப் பக்கம் மணி மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறதா, தூரத்திலிருந்து தெரியவில்லை. வசந்தாமணி கிட்டே போகப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை, அப்படியே நின்றார். நாங்கள் வரிசைக்கு வந்துவிட்டோம்.

கடவுச்சீட்டுச் சோதனைக்கு ஒவ்வொருவராகத்தான் விடுகிறார்கள். வசந்தாமணியை முன்னால் அனுப்பினேன். எனக்கு முன்னால் ஒரு பெரிய குடும்பம் புகுந்துவிட்டது, அவர்களின் தாள்களில் ஏதோ குழப்பம், நேரமாயிற்று. அந்தப் பக்கத்துக் கூடத்தில் நல்ல கூட்டம். கார்த்திகா எங்கோ வெளியே காத்திருப்பாள்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மற்றவர்கள் எல்லோரும் வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். வசந்தாமணி போகவில்லை. தூணோரமாக நின்று, வருகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் என்னைக் காணவில்லை. அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

எனக்கு முன்னால் நின்றவர்களின் தலைக்கு மேல் கையைத் தூக்கினேன். "வசந்தா!" என்று கூப்பிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க இருக்கறேன், வந்துட்டிருக்கறேன்" என்றேன்.